இச்சையடக்கமா, தன்னடக்கமா?

பைபிளில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியின் கனியாக ஒன்பது பண்புகள் வருகின்றன. அண்மையில் கேட்ட பிரசங்கத்தில் ஒன்பதாவதை ‘தன்னடக்கம்’ என்று வாசித்த போதகர், பட்டங்கள் பல பெற்ற டாக்டர் ஒருவர் கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னார். நல்ல கதைதான், ஆனால் அது தாழ்மைக்கான கதை. இந்தக் குழப்பத்தை இன்னும் எத்தனை மேடைகளில் கேட்பது?

மூலச்சொல் கிரேக்க ‘எங்கிராட்டேயா’. அதற்குள் இருக்கும் ‘க்ராட்டோஸ்’ வலிமையை, ஆளுகையைக் குறிக்கும். ஆசை நம்மை ஆளாமல் நாம் ஆசையை ஆள்வது. பழைய திருப்புதல், அதாவது பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பு, இதை ‘இச்சையடக்கம்’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு ‘தன்னடக்கம்’ ஆக்கியது.

எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் தன்னை அடக்குவது, சரிதானே என்பார்கள். அகராதிக்குச் சரி. ஆனால் “விருது வாங்கியும் தன்னடக்கத்தோடு பேசினார்” என்றால் நமக்கு என்ன புரிகிறது? பெருமை பேசவில்லை என்பதுதானே. பணிவு என்றே சொல் பழகிவிட்டது. எட்டாவதாகச் சாந்தம் இருக்க, ஒன்பதாவதும் ஏறக்குறைய அதையே சொல்ல வேண்டுமா? அதே கலாத்தியர் அதிகாரத்தில் வரும் மாம்சத்தின் கிரியைகள், அதாவது உடலாசையின் செயல்கள், விபசாரத்தில் தொடங்கி வெறி, களியாட்டில் முடிகின்றன. அவற்றுக்கு எதிரே நிற்க வேண்டிய சொல் இது.

“வள்ளுவரே அடக்கமுடைமை என்றுதானே சொன்னார்?” என்று உடனே குறளைத் தூக்கிவருவார்கள். சொன்னார். ஆனால் ‘ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்று எதை அடக்குவது என்பதையும் சேர்த்தே சொன்னார். அதே அதிகாரத்தில் பணிவும் வருகிறது. அன்று அடக்கம் இரண்டையும் தாங்கியது. இன்றைய தன்னடக்கத்தில் பணிவு மட்டும்தான் மிச்சம்.

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 24ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். செசரியாவில் காவலில் இருந்த பவுல், ரோம ஆளுநர் பேலிக்சிடம் நீதியையும் இச்சையடக்கத்தையும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசுகிறார். பேலிக்ஸ் பயந்துபோகிறான். பக்கத்தில் இருந்த அவன் மனைவி துருசில்லாள், முன்பு எமேசா அரசன் அசீசுவின் மனைவியாக இருந்தவள். அவளை ஆசைகாட்டிப் பிரித்துக் கூட்டிவந்தவன் பேலிக்ஸ் என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். போதாததற்குப் பவுலிடமிருந்து பணம் வரும் என்றும் எதிர்பார்த்தான். “பெருமை பேசாதே” என்றால் இவன் ஏன் நடுங்கப்போகிறான்?

கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் இச்சையடக்கத்துக்குப் பந்தய வீரர்களைக் காட்டுகிறார். கொரிந்துவுக்கு அருகில்தான் இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அதே இடத்தில் ‘என் சரீரத்தை ஒடுக்கி’ என்பதற்கு அவர் எடுத்த கிரேக்கச் சொல், கண்ணுக்குக் கீழே குத்துவிடுவதைக் குறிப்பது. இதில் கடைசி பெஞ்சு எங்கே வந்தது?

இப்போது ‘சுயகட்டுப்பாடு’ வேறு கிளம்பியிருக்கிறது. ஆங்கில ‘self-control’-ஐப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதிக்குப் பாதி பெயர்ப்பவர்களின் கைவரிசை. சர்க்கரை நோயாளிக்கு எழுதும் அறிவுரைத் தாளில் அது இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இச்சை வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ‘புலனடக்கம்’ என்று எழுதலாம். பேலிக்சின் பண ஆசை அதற்குள் முழுதாக அடங்காது என்பது ஒரு குறை. ‘அவாவடக்கம்’ என்றால் எல்லாம் அடங்கும். ஆனால் பிரசங்கத்தில் நான்கு முறை சொன்னால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும். எனக்கு இச்சையடக்கமே போதும்.