கட்டுத்துவக்குக் காயத்தைச் சிறிதென்று எண்ணாதீர்கள்

பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களில், காட்டுப்பன்றிக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் நாட்டுத் துவக்கான கட்டுத்துவக்கில் அகப்பட்டு வருபவர்களின் உறவினர்கள், சத்திரசிகிச்சை வைத்தியரான என்னிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஆமிக்காரர் வைத்திருக்கும் துவக்கு இல்லையே டொக்டர், நாட்டுத் துவக்குத்தானே, காலை எடுக்கும் அளவுக்கு என்ன ஆகிவிட்டது?" நியாயமான கேள்வி, விரிவான விடை அதற்கு உரியது.

குண்டு செய்யும் சேதம், அது உடலைத் தொடும்போது அதனிடம் எஞ்சியுள்ள ஆற்றலைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசியாகிவிடும்.   ஆமி ரைபிளின் குண்டு மிகுந்த வேகத்தில் புறப்படும்.   என்றாலும், 300 மீற்றரைக் கடப்பதற்குள் காற்றின் தடையால் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது.

கட்டுத்துவக்கிலோ தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர்க் குழாயைக் குழலாக்கி, கருமருந்தும் ஈயத்துண்டும் ஆணித்துண்டும் நிரப்பி, பன்றி நடமாடும் தடத்தோரம் கட்டி, குறுக்கே கம்பி இழுத்து வைக்கிறார்கள். கருமருந்து தரும் வேகம் ஆமி ரைபிளை நெருங்காது. ஆனால் கம்பியைத் தட்டியவர் மிக அருகில் நிற்பதால் அந்த வேகம் குறைய வழியே இல்லை. பன்றியின் நெஞ்சுக்கு வைத்த குறி, விறகு பொறுக்கவோ மாட்டுக்குப் புல்லறுக்கவோ போகிறவரின் முழங்காலுக்கு நேராக வந்துவிடுகிறது. கீழ்க்காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முக்கிய நாடி, முழங்காலின் பின்புறத்தில் எலும்பை ஒட்டியே ஓடுகிறது.

வெளியே பார்த்தால் கடலை அளவில் சில துளைகளும் கருகிய தோலும்தான் தெரியும். திறந்தால் உள்ளே கருமருந்தை இறுக்க அடைத்த தென்னந்தும்பு, சாரத்தின் நூல், மண், துருப்பிடித்த உலோகம், நொறுங்கிய எலும்புச் சில்லுகள். ஏர்ப்புவலியும் அழுகல் நோயும் உண்டாக்கும் கிருமிகள் அந்த மண்ணோடு தசைக்குள் போய்விடுகின்றன. ஆகவேதான் இறந்த தசையை வெட்டியகற்றிவிட்டு, காயத்தைத் தைக்காமல் சில நாட்கள் திறந்தே வைக்கிறோம். கவனியாமல் விட்டுவிட்டார்கள் என்று உறவினர்கள் மனம் நோகிறார்கள். உடனே மூடித் தைப்பதுதான் உண்மையில் ஆபத்து.

நாடி அறுந்திருந்தால் ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள் இரத்தவோட்டத்தை மீட்க வேண்டும். மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்து மேல் பிரிவுகளிலிருந்து வருபவருக்கு அதில் பெரும்பகுதி பாதையிலேயே கழிகிறது. எனவே 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழையுங்கள். கோப்பித்தூளோ மண்ணெண்ணெயோ இடாமல், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். அப்படியும் இரத்தம் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம். உதவிக்கு ஓடுகிறவர்கள், அருகில் இன்னொரு கம்பி இருக்கக்கூடும் என்பதால் நிலத்தைப் பார்த்தே கால் வைக்க வேண்டும்.

பொலிஸுக்குப் பயந்து "கல்லில் விழுந்துவிட்டார்" என்று சொல்வதால் விலைமதிப்பற்ற நேரம் வீணாகிறது. பொலிஸுக்கு அறிவிப்பது எங்கள் கடமை. அதற்காகச் சிகிச்சை காத்திருப்பதில்லை. துவக்கு வெடித்ததை முதலில் பார்க்கும் வைத்தியரிடமே சொல்லிவிட்டால், எக்ஸ்ரே, இரத்தம், சத்திரசிகிச்சைக் கூடம் மூன்றும் ஒரே நேரத்தில் ஆயத்தமாகும்.