மண்ணைக் கரைச்சு ஊத்தறதுக்கு முன்னாடி

குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் படுக்கையில கெடக்கிறவங்களை வீடு வீடா போய் பார்க்கிற நர்ஸ் நான். நெறைய வீட்ல வாசல்லயே நிறுத்தி "சிஸ்டர், இன்னா வியாதின்னு அவருக்கு தெரியாது, சொல்லிடாதீங்க"ம்பாங்க. உள்ள போனா அவரு என் கையைப் பிடிச்சுகினு "எனக்கு எல்லாம் தெரியும்மா, புள்ளைங்க தாங்காது, நீ காட்டிக்காத"ம்பாரு.

அப்படித்தான் ஒரு பெரியவரு. காலமெல்லாம் கைத்தறியில லுங்கி நெஞ்சவரு, புத்துநோய் எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையை, போதை மருந்து, பழகிடும்னு மகன் பீரோவுல வெச்சு பூட்டியிருந்தாரு. இந்த வலிக்கு இதாம்பா மருந்து, டாக்டர் சொன்ன அளவுல நேரம் தவறாம கொடுத்தா பயமில்லைன்னு உக்காந்து பேசி புரியவெச்சேன். வலி அடங்கின அப்புறம்தான் அவரு வாயைத் திறந்தாரு. "தறியை விறகுக்கு போட்டுடாதீங்கடா. ஆம்பூர்ல இருக்கிற என் தங்கச்சியை ஒருவாட்டி பார்க்கணும்." ஏதோ பாகத் தகராறுல பல வருஷமா பேச்சு இல்லையாம்.

நம்ம ஊர்ல உயிர் இழுத்துகினு கெடந்தா மண்ணாசைன்னு மண்ணைக் கரைச்சு ஊத்துவாங்க, பொன்னாசைன்னு நகையை உரசி ஊத்துவாங்க. போறவங்க மனசுல ஏதோ நிக்குதுன்னு நம்ம பெரியவங்களுக்கு தெரிஞ்சிருக்கு பாருங்க! ஆனா அதை நினைவு தப்பின அப்புறமா கேக்கறது? பேச்சு இருக்கும்போதே பக்கத்துல உக்காந்து "உனக்கு இன்னா தோணுதுப்பா"ன்னு கேளுங்க. ஆஸ்பத்திரியா வீடா, வெண்டிலேட்டர் வேணுமா வேணாமான்னு அவங்களே சொல்லட்டும், அதை ரெண்டு சாட்சியோட எழுதி நோட்டரிகிட்ட கையெழுத்து வாங்கி வெக்கலாம், சுப்ரீம் கோர்ட் 2018லயே ஒத்துகிச்சு, 2023ல நடைமுறையையும் சுலபமாக்கிடுச்சு.

நினைவு தப்பினவங்க வாயில பால், தண்ணி எதையும் ஊத்தாதீங்க, முழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிடும். மனசு கேக்கலைன்னா பஞ்சுல தொட்டு உதட்டை நனைங்க, போதும்.

கடைசி நாள்ல சோறு இறங்காது. பட்டினி போட்டு கொன்னுட்டோமேன்னு அழுவாதீங்க, உடம்பு அடங்கும்போது பசியும் அடங்கிடும். அப்போ ட்ரிப்ஸ் ஏத்தினா பல பேருக்கு கை கால் வீங்கி, சளி கட்டி இன்னும் கஷ்டம்தான். மூச்சு நின்னு நின்னு வரும், கை கால் சில்லுன்னு ஆவும். இதையெல்லாம் நான் முன்னாடியே வீட்ல இருக்கிறவங்களுக்கு சொல்லிடுவேன், தெரியாமப் போனா பாதி ராத்திரியில பதறி ஆம்புலன்ஸ்ல தூக்கிகினு ஓடி, வழியிலயே உயிர் போயிடுது. நான் பார்த்ததுலயே பெரிய கொடுமை அதுதான்.

வீட்டுக்கே வந்து பார்க்க 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு தமிழ்நாடு அரசு திட்டம் இருக்குது, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அந்த மகன் ஒருநாள் விடியகாலைல போன் பண்ணாரு. "சிஸ்டர், நீங்க சொன்ன மாதிரியேதான் மூச்சு விட்டு விட்டு வருது. எங்கயும் தூக்கிகினு போகல. ஆம்பூர் அத்தை வந்துட்டாங்க, அவங்கதான் பஞ்சால உதட்டை நனைச்சுகினு கீறாங்க."