காரைக் கட்டிப்போட்டு ஓட்டும் மேடை

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வேலைக்குப் போகும் மகன், தன் காரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் 'டைனோ' ஏற்றி 'டியூன்' செய்யப்போகிறேன் என்கிறானாம். "நன்றாக ஓடும் வண்டியை எதற்குக் கட்டிப்போட்டு முறுக்க வேண்டும்? இன்ஜின் கெட்டுவிடாதா? இதில் அறிவியல் ஏதும் உண்டா, பணம் பிடுங்கும் வேலைதானா?" என்று கேட்கிறார்.

அறிவியல் உண்டு ஐயா. அதில் பாதி சில ஆண்டுகளுக்கு முன்புவரை உங்கள் வீட்டுச் சுவரிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

டைனமோமீட்டர் என்ற நீளப் பெயரின் சுருக்கம்தான் டைனோ, இன்ஜினின் வலுவை அளக்கும் மேடை. காரின் கணினியிலுள்ள எண்களை மாற்றி அந்த வலுவைக் கூட்டுவதுதான் டியூன். சென்ற மாதம் நண்பர் ஒருவரின் காருடன் அப்படியொரு பட்டறைக்கு நானும் போயிருந்தேன். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார் (டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி). தரையில் பள்ளம் எடுத்து அதற்குள் இரும்பு உருளைகளைப் பதித்திருந்தார்கள். முன்சக்கரங்கள் உருளைமேல் ஏறி நின்றதும், லாரியில் சரக்குக் கட்டுவதுபோல முன்னும் பின்னும் பட்டைகளைப் போட்டு இறுக்கினார்கள். டயரில் காற்றைச் சரிபார்த்தார்கள். புகை வெளியேற ஒரு தடித்த குழாய், எரிந்த வாயுவில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சார், ரேடியேட்டருக்கு நேரே ஆளுயர மின்விசிறி. கார் நின்ற இடத்தில் நின்றாலும் இன்ஜினுக்கு எதிர்காற்று வேண்டுமே.

நான்காம் கியர். இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றுக்கு வந்ததும் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தார்கள். பத்துப் பன்னிரண்டு விநாடிதான். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காத இரைச்சல். தன் பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்க முடியாதவர்போல நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்தப் பத்து விநாடியில் இன்ஜின் படும் பாடு, நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்தும்போது படும் பாடுதான். ஆயில் மாற்றாத, தண்ணீர் ஒழுகும் வண்டியை ஏற்றினால் கெடும். ஒழுங்காகப் பராமரித்த வண்டி கெடாது.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ஒன்று முறுக்குவிசை, அதாவது தண்டைச் சுழற்றும் வலு; மற்றது திறன். பள்ளிக்கூடக் கணக்குதான்: முறுக்குவிசையை நிமிடச் சுற்றால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட். 175 நியூட்டன்மீட்டர், 4000 சுற்று என்றால் ஏறத்தாழ 73 கிலோவாட். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்தக் காரின் உச்சத் திறன் 81 கிலோவாட் என்று நிறுவனம் சொல்வது இன்ஜினிலேயே அளந்தது. கியர்பெட்டியும் டயரும் வழியில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் உருளையில் 70க்குப் பக்கமாக வந்தால் அது நஷ்டமல்ல, இயல்பு.

எப்படி அளக்கிறார்கள்? எளிய வகை டைனோவில் ஒரு கனத்த உருளை மட்டும் இருக்கும். அதன் நிலைமத் திருப்புத்திறன், அதாவது வேகமாகச் சுழல அது காட்டும் தயக்கத்தின் அளவு, முன்பே தெரியும். கார் அதை எவ்வளவு வேகமாக முடுக்குகிறது என்று பார்த்தால் முறுக்குவிசை கிடைத்துவிடும். அந்த மேடைக்கு உண்மையில் தெரிவது நேரமும் சுற்றும் மட்டுமே, மற்றதெல்லாம் நியூட்டன் போட்டுக்கொடுத்த கணக்கு. நல்ல கருவிதான். ஆனால் அதில் இன்ஜினின் சுற்று ஏறிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. 3000 சுற்றிலேயே நிறுத்திவைத்து நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் பிரேக் வேண்டும்.

பிரேக் போட்டு அளப்பது பழைய வித்தை. 1821இல் பிரான்ஸின் பொறியாளர் கஸ்பார் து புரோனி, சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அதிலிருந்து நீண்ட கம்பின் முனையில் எடை தொங்கவிட்டு அளந்தார். அதன் தம்பியை நம்மூர் மெக்கானிக்கல் மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜின், டிரம்மைச் சுற்றிய கயிறு, ஸ்பிரிங் தராசு, டிரம் சூடேறாமல் இருக்க உள்ளே ஊற்றும் தண்ணீர், கருகும் கயிற்றின் வாசனை. உராய்வு பிரேக் அப்படித்தான், சூடேறச் சூடேறப் பிடி மாறும். அளவுகோலே நெளிந்தால் எதை அளப்பது?

இப்போது உங்கள் சுவருக்கு வருகிறேன். பழைய மின்சார மீட்டரில் ஓர் அலுமினியத் தட்டு கிடையாகச் சுற்றும், விளிம்பில் ஒரு கருப்போ சிவப்போ அடையாளத்துடன். இஸ்திரிப்பெட்டி போட்டால் வேகமெடுக்கும். சிறுவயதில் அந்த அடையாளம் திரும்பி வருவதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தத் தட்டின் விளிம்பைத் தொடாமல் கவ்வியபடி ஒரு நிலைக்காந்தம் இருக்கும். அதுதான் பிரேக்.

அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, பிறகு எப்படிப் பிடிக்கும்? 1824இல் பிரெஞ்சு அறிவியலாளர் அராகோ, சுழலும் செம்புத் தட்டு அருகிலுள்ள காந்த ஊசியைத் தன்னோடு இழுப்பதைக் கண்டு இதே கேள்வியில் மாட்டிக்கொண்டார். 1831இல் பாரடேதான் விடை சொன்னார். உலோகத் தட்டு காந்தப்புலத்துக்குள் நகரும்போது அதற்குள்ளேயே மின்னோட்டம் பிறக்கிறது. போக வழியின்றி, ஆற்றுச் சுழிபோல வட்டமடிக்கிறது. இவைதான் சுழல் மின்னோட்டங்கள். லென்ஸ் விதிப்படி, எந்த நகர்வு தம்மைப் பிறப்பித்ததோ அதையே அவை எதிர்க்கும். தட்டு வேகமாகச் சுற்றினால் எதிர்ப்பும் வலுக்கும், நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. தேய்மானம் கிடையாது, சத்தமும் கிடையாது.

மீட்டரில் இன்னொரு அழகு இருக்கிறது. வீட்டில் செலவாகும் திறனுக்கு ஏற்ற முறுக்குவிசை தட்டைத் தள்ளுகிறது. காந்தப் பிரேக்கோ தட்டின் வேகத்துக்கு ஏற்ப இழுக்கிறது. இரண்டும் சமமாகும் வேகத்தில் தட்டு நிலைகொள்கிறது. ஆக, தட்டின் வேகமே திறன். பல்லாண்டுகள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு குட்டி டைனோ ஓடியிருக்கிறது. டிஜிட்டல் மீட்டர் வந்தபின் குழந்தைகளுக்குக் காட்ட அந்தத் தட்டு இல்லையே என்பதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

பட்டறையின் உருளைத் தண்டோடும் இரும்புத் தட்டுகள் சுற்றுகின்றன. நிலைக்காந்தத்துக்குப் பதில் மின்காந்தங்கள். சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கணினி கூட்டிக் குறைத்து, இன்ஜின் எவ்வளவு தள்ளினாலும் 3000 சுற்றுக்கு மேல் போகாமல் பிடித்துவைக்கும். சுற்று மாறாத நிலையில் இன்ஜின் தள்ளுவதும் பிரேக் இழுப்பதும் சரிக்குச் சரி. காந்தங்கள் இருக்கும் கூடும் தட்டோடு சேர்ந்து சுழல முயலும். ஒரு கை நீண்டு அதைத் தடுத்து, ஒரு மின்னணுத் தராசின்மேல் அழுத்தும். விசை, கையின் நீளம், முடிந்தது. புரோனியின் கம்பு போகவே இல்லை பாருங்கள், கட்டைதான் காந்தமாகிவிட்டது. இழுத்த ஆற்றலெல்லாம் தட்டில் வெப்பமாகிறது. 60 கிலோவாட் என்றால் முப்பது வாட்டர் ஹீட்டர்கள் ஒன்றாக எரிவதற்குச் சமம். தட்டின் பக்கம் கையை நீட்டியதும் பட்டறைப் பையன் என்னைப் பின்னால் இழுத்தான்.

இப்படி ஓரிடத்தில் பிடித்துவைத்துத்தான் டியூனிங் செய்கிறார்கள். காரின் கணினிக்குள் பல்லாங்குழிபோல ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. ஒரு பக்கம் சுற்று, மறுபக்கம் சுமை, குழிக்கு ஒரு எண். அவற்றில் முக்கியமானது ஸ்பார்க் எப்போது பாய வேண்டும் என்பது. பெட்ரோல் ஒரே கணத்தில் வெடிப்பதில்லை, எரிந்து பரவ நேரம் எடுக்கிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தீப்பொறி வைத்து, உச்சி தாண்டி இன்ஜின் தண்டு சுமார் 15 பாகை திரும்பியிருக்கையில் அழுத்தம் உச்சம் பெறும்படி பார்க்க வேண்டும். ஒரு பாகை முன்னே தள்ளு, தராசைப் பார். முறுக்குவிசை ஏறுகிறதா? இன்னொரு பாகை. ஏற்றம் நின்ற இடத்தில் கையும் நிற்க வேண்டும். பேராசைப்பட்டு மேலும் தள்ளினால், எரியாத மீதிக் கலவை தானாகவே பற்றிக்கொண்டு உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். அந்தத் தட்டல் பிஸ்டனையே உடைக்கக்கூடியது. மகனை அழைத்துப்போனால், டியூனர் காதில் ஹெட்போன் மாட்டி இன்ஜினைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்பவரை நம்பலாம்.

மென்பொருளை மட்டும் மாற்றினால் டர்போ இல்லாத காரில் நான்கைந்து சதவீதம் கூடினாலே பெரிது. டர்போ காரில் இருபது, இருபத்தைந்துவரை கூடும். இந்த இரண்டையும் கலந்து பேசுபவரிடம் காசு கொடுக்க வேண்டாம். 'முன்', 'பின்' இரண்டும் அதே நாளில், அதே மேடையில், அதே கியரில் எடுத்திருக்க வேண்டும். 25 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்குப் போனால் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு நான்கு பங்கு குறையும். அதற்குத் திருத்தக் காரணி போடுவார்கள். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், சிலர் காட்டும் கூடுதல் திறனே அதிலிருந்துதான் வருகிறது.

காந்தம் என்றதும் இன்னொன்று. பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் கூடும் என்று ஒரு காந்தத்தை விற்கிறார்களே, அதையும் அதே மேடையில் மாட்டியும் கழற்றியும் பார்த்தால் அரைமணியில் வழக்கு முடிந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருள் மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டுவது ஒன்றுகூட இல்லை. புது வண்டிச் சக்கரத்தின்கீழ் நசுங்கும் எலுமிச்சம்பழத்தின்மேல் எனக்குக் கோபமில்லை, அது மைலேஜ் தருகிறேன் என்று சொல்லவில்லை. நான் பார்த்த ஒரு பொறியியல் கல்லூரியில், பொதுப்பணத்தில் வாங்கிய சுழல் மின்னோட்ட டைனமோமீட்டர் ஒன்று, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறை கழற்றப்படுகிறது. அதைத் திறந்துவிட்டு, சந்தையில் விற்கும் இந்தக் கருவிகளையெல்லாம் மாணவர்கள் கையில் கொடுத்தால் என்ன?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கணினியைத் தொட்டால் வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். மகன் அளக்க மட்டும் போகிறான் என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை, என் நண்பரும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

இல்லை, டியூன் செய்தே தீருவேன் என்றால், பழைய மென்பொருளின் நகலை வாங்கிவைக்கச் சொல்லுங்கள். தினமும் எந்த பெட்ரோல் போடுகிறானோ அதையே அரை டேங்க் நிரப்பிக்கொண்டு போகட்டும். தட்டலை நன்றாகத் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றி டியூன் செய்துவிட்டு, அடுத்த வாரம் தருமபுரி தாண்டி ஏதோ ஒரு பங்க்கில் சாதாரண பெட்ரோல் போட்டு மேட்டில் மிதித்தால், நான் சொன்ன அந்தத் தட்டல் அங்கேதான் தொடங்கும்.