மேடைச் சத்தத்தில் கிட்டாரின் டோன்: டிஜிட்டல் ப்ராசஸர் செய்வதும் செய்யாததும்

ஹெட்ஃபோனில் நிறைவாகக் கேட்ட ஒரு ப்ரீசெட் (ப்ராசஸரில் சேமித்து வைத்த ஒலி அமைப்பு), மேடையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் கீழே குழம்பியும் மேலே கீச்சிட்டும் ஒலிக்கிறது. சில வேளைகளில் கேட்காமலே போய்விடுகிறது. கிட்டாரின் ஒலியை எண்களாக்கி, ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் செய்யும் வேலையைக் கணக்காகச் செய்யும் டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் இரண்டு இடங்களிலும் ஒரே கணக்கைத்தான் போட்டது. மாறியவை எல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே இருப்பவை: ஒலியின் அளவு, அதை வெளியிடும் ஸ்பீக்கர், சுற்றிலும் ஒலிக்கும் பிற கருவிகள். எந்த ஆம்ப் மாடலை (ஓர் ஆம்ப்ளிஃபயரைக் கணக்கில் போலச் செய்யும் பகுதியை)த் தேர்ந்தெடுப்பது என்பதில் கிட்டார் கலைஞர்கள் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, ப்ராசஸருக்குள் என்ன நுழைகிறது, வெளிவருவது எதன் வழியாக எவ்வளவு சத்தத்தில் கேட்கப்படுகிறது என்பதில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சிக்னல் செல்லும் வழியிலேயே தொடர்ந்து பார்க்கலாம்.

எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப், காந்தங்களைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுவதால் சுருளில் ஒரு சிறு மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சுருளின் மின்தூண்டலும் கேபிளின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் சுற்றாக அமைவதால், பெரும்பாலான பிக்கப்களில் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் இடத்தில் ஒலி சற்றுத் தூக்கலாக இருக்கும். அந்த முகடுதான் ஒரு கிட்டாரின் பளிச்சென்ற தன்மைக்குப் பெரும் காரணம். கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட். கேபிள் நீள நீள முகடு கீழ்நோக்கி நகர்ந்து ஒலி மங்குகிறது. சிக்னலை வாங்கும் பக்கத்தின் மின்மறுப்பு குறைவாக இருந்தாலோ முகடே தட்டையாகிவிடும். கிட்டாருக்கான உள்ளீடுகள் பொதுவாக 1 மெகாஓம் அளவில் அமைக்கப்படுவதும், 10 கிலோஓம் கொண்ட லைன் உள்ளீட்டில் கிட்டாரை நேரடியாகச் செருகினால் உயிரற்ற ஒலி வருவதும் இதனால்தான். கேபிளை விட்டு டிஜிட்டல் வயர்லெஸுக்கு மாறுபவர்கள் தங்கள் கிட்டார் திடீரெனக் கூர்மையாகிவிட்டதாக உணர்வதற்கும் இதுவே விளக்கம்: நீண்ட கேபிளின் மின்தேக்குத்திறன் சுற்றிலிருந்து விலகிவிட்டது. பல வயர்லெஸ் கருவிகளில் கேபிளின் நீளத்தைப் போலச் செய்து காட்டும் அமைப்பு இருப்பது இந்த இழப்பைத் திருப்பித் தருவதற்காகவே.

உள்ளே நுழைந்த சிக்னல் எண்களாக மாற்றப்படுகிறது. நொடிக்கு 48,000 முறை, ஒவ்வொரு முறையும் 24 பிட் நுணுக்கத்தில் அளவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. 24 பிட்டின் கோட்பாட்டு அளவிலான வீச்சு ஏறத்தாழ 144 டெசிபல். அவ்வளவு இடம் இருக்கும்போது, மீட்டர் சிவப்பைத் தொடும்வரை உள்ளீட்டை ஏற்ற வேண்டிய தேவை சிறிதும் இல்லை. வேகமாக அடிக்கும்போது எழும் உச்சம் எல்லையைத் தாண்டினால், அலையின் தலை வெட்டப்பட்டுக் கரகரப்பான ஒலியாகிறது. பின்னால் எந்த எஃபெக்ட்டைச் சேர்த்தாலும் அதை நீக்க முடியாது. இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. ஆம்ப் மாடல் எந்தக் கட்டத்தில் டிஸ்டார்ட் ஆகத் தொடங்கும், அதாவது அலையின் வடிவத்தைச் சிதைத்து ஒலியைக் கரடாக்கத் தொடங்கும் என்பது உள்ளே வரும் சிக்னலின் அளவைப் பொறுத்தது. ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பை வைத்து அமைத்த ப்ரீசெட்டில், இரட்டைச் சுருளும் அதிக வெளியீடும் கொண்ட ஹம்பக்கரைச் செருகினால் அது வேறொரு ப்ரீசெட்டாகவே ஒலிக்கும். இரண்டு கிட்டார்களை மாற்றி மாற்றி வாசிப்பவர்கள் உள்ளீட்டு அளவை அந்தந்தக் கிட்டாருக்கேற்பச் சரிசெய்து கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் அலையின் உச்சிகளை மெல்ல அமுக்கி, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்களை உருவாக்குகிறது. ப்ராசஸர் அதே வளைவைக் கணிதமாகச் செய்கிறது. இங்கே டிஜிட்டல் முறைக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது: நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் அமைப்பு 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிரதிபலிக்க முடியும். டிஸ்டார்ஷன் 30,000 ஹெர்ட்ஸில் ஒரு மேற்சுரத்தை உருவாக்கினால், அது மறைந்து போகாமல் மடிந்து 18,000 ஹெர்ட்ஸில் வந்து அமர்கிறது. இன்னும் உயர்ந்த மேற்சுரங்கள் இன்னும் கீழே மடிகின்றன. வாசிக்கும் சுரத்தோடு எந்த உறவும் இல்லாத ஓசைகளாக அவை கேட்கின்றன. ஏலியாசிங் எனப்படும் இதைத் தவிர்க்க, டிஸ்டார்ஷன் பகுதியை மட்டும் பல மடங்கு மாதிரி வேகத்தில் கணக்கிட்டு, பின் வடிகட்டிக் கீழிறக்குகிறார்கள். கெயினை, அதாவது டிஸ்டார்ஷனுக்குள் செல்லும் சிக்னலின் பெருக்கத்தை, அளவோடு வைத்தால் மடியும் மேற்சுரங்களும் தாமாகவே குறையும்.

கெயினைக் குறைக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் காதில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் கூடக் கூட, மென்மையாக மீட்டியதற்கும் ஓங்கி அடித்ததற்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறது. தந்தியைப் பிக் தொடும் முதல் கணத்தின் கூர்மையும் கரைகிறது. சிம்பல்கள் ஓயாது ஒலிக்கும் மேடையில் கிட்டாரைக் கேட்பவருக்கு அடையாளம் காட்டுவது அந்தக் கணம்தான். தனியறையில் குறைந்த சத்தத்தில் வாசிக்கும்போது ஒலி மெலிந்து தோன்றுவதால் கெயினை ஏற்றுகிறோம். மேடையில் சத்தமே அந்த நிறைவைத் தந்துவிடுகிறது. போதாததற்கு, கெயின் அதிகமானால் மின்விநியோகத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலும் பெரிதாகிறது, ஸ்பீக்கரிலிருந்து தந்திக்குத் திரும்பும் ஒலி ஊளையிடவும் தொடங்குகிறது. சிக்னல் மெலிந்தவுடன் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் இடைவெளிகளில் முனகலை மறைக்கும். வாசிக்கும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இனி, மேடை டோனில் மிக அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டியதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதுமான பகுதிக்கு வருவோம்: கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பொருத்திய பெட்டி. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களையும் சமமாக வெளியிடும் கருவி அன்று. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் வெளியீடு செங்குத்தாகச் சரிகிறது. டிஸ்டார்ஷனின் உயர் மேற்சுரங்கள் அங்கேயே வடிகட்டப்படுகின்றன. அந்த வடிகட்டல் இல்லாமல் டிஸ்டார்ட் ஆன சிக்னலை அரங்கின் ஸ்பீக்கர்களுக்கு அனுப்பினால் காதைக் குத்தும் இரைச்சல்தான் மிஞ்சும். ப்ராசஸர்கள் இந்தப் பணியை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்ற பதிவைக் கொண்டு செய்கின்றன. ஓர் உண்மையான கேபினெட்டுக்குள் சோதனை ஒலியை அனுப்பி, மைக் பிடித்ததைக் கொண்டு, மிகக் குறுகிய ஒரு துடிப்புக்கு அந்த அமைப்பு எவ்வாறு பதிலளிக்கும் என்று கணக்கிடுகிறார்கள். 48,000 ஹெர்ட்ஸில் 2,048 மாதிரிகள் கொண்ட பதிவின் நீளம் ஏறத்தாழ 43 மில்லிசெகண்ட் மட்டுமே. கிட்டார் சிக்னலின் ஒவ்வொரு மாதிரியையும் இந்தப் பதில் அலையோடு பெருக்கிக் கூட்டும் கணக்கு, ஸ்பீக்கர், பெட்டி, மைக், மைக் வைக்கப்பட்ட இடம் ஆகிய நான்கின் வடிகட்டும் தன்மையையும் ஒருசேர அதில் பதித்துவிடுகிறது. கூம்பின் நடுவிலிருந்து மைக்கைச் சில சென்டிமீட்டர் விளிம்புப் பக்கம் நகர்த்தினாலே ஒலி இருண்டுவிடுவதால், ஒரே கேபினெட்டின் இரண்டு பதிவுகள், இரண்டு வெவ்வேறு ஆம்ப் மாடல்களைவிட அதிகமாக வேறுபட்டுக் கேட்பது உண்டு. ஆகையால் ஆம்ப் மாடலில் குறை காண்பதற்கு முன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை மாற்றிக் கேட்பது நல்லது. இரண்டு பதிவுகளைக் கலப்பவர்கள் அவற்றின் நேர ஒத்திசைவைச் சோதிக்க வேண்டும்: ஒன்று அரை மில்லிசெகண்ட் பிந்தினாலும் 1,000, 3,000, 5,000 ஹெர்ட்ஸ் என வரிசையாகப் பள்ளங்கள் விழுகின்றன.

இந்தக் கேபினெட் கணக்கை எப்போது இயக்குவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் மேடைத் தவறுகள் பெரும்பாலும் நடக்கின்றன. மிக்ஸருக்கோ முழு அலைவரிசையையும் சமமாக வெளியிடும் ஸ்பீக்கருக்கோ சிக்னல் செல்லும்போது அது இயங்க வேண்டும். உண்மையான கிட்டார் கேபினெட்டுக்குச் செல்லும்போது அது நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒலி இருமுறை வடிகட்டப்பட்டுப் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் முன் உள்ளீட்டில் செருகினால் சிக்னலை முதலில் பெருக்கும் அதன் ப்ரீஆம்பும் குறுக்கிடும். அதைத் தவிர்த்து, பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் ரிட்டர்னில் செருகுவது மேல்.

இன்னொரு மனத்தடையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தன் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நின்று பழகிய கலைஞர், ஸ்பீக்கரின் அச்சிலிருந்து விலகி, அறையின் பிரதிபலிப்போடு அதைக் கேட்டிருக்கிறார். ப்ராசஸர் தருவதோ ஸ்பீக்கருக்கு மிக அருகில் வைத்த மைக் கேட்ட ஒலி. முதலில் அது அந்நியமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் மைக் வைத்து ஒலிபரப்பும் எந்த நிகழ்ச்சியிலும் கேட்பவர்கள் எப்போதும் கேட்டுவந்தது அந்த ஒலியைத்தான்.

அடுத்தது சத்தத்தின் அளவு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள், காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே உணர்திறனோடு கேட்பதில்லை என்பதையும், அந்த வேறுபாடு சத்தத்தின் அளவோடு மாறுகிறது என்பதையும் காட்டின. குறைந்த சத்தத்தில் கீழ் அதிர்வெண்கள் காதுக்கு மிகவும் மெலிந்து கேட்கின்றன. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டும் முன்னிற்கிறது. ஆகவே 70 டெசிபலில் டோன் அமைப்பவர் அறியாமலே பேஸை ஏற்றி, நடுப்பகுதியைக் குறைத்துவிடுகிறார். அதே அமைப்பு 100 டெசிபலை எட்டும்போது, காது கீழ்ப்பகுதியை முழுமையாகக் கேட்கத் தொடங்குவதால், ஏற்றி வைத்த பேஸ் எல்லாம் முழங்குகிறது. இதற்கு ஒரே தீர்வு, மேடையின் சத்தத்தில், மேடையில் பயன்படுத்தும் வகை ஸ்பீக்கரில், குழுவோடு சேர்ந்து வாசித்தபடியே டோனை அமைப்பதுதான். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 100 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 15 நிமிடத்தையே எல்லையாகப் பரிந்துரைப்பதால், காதடைப்பானோடும் இடைவெளிகளோடும் இதைச் செய்ய வேண்டும்.

குழுவோடு வாசிக்கும்போது ஒலி மறைப்பும் சேர்ந்துகொள்கிறது. ஓர் அதிர்வெண் பகுதியில் வலுவான ஒலி இருந்தால் அருகிலுள்ள மெல்லிய ஒலியைக் காது கேட்பதில்லை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41.2 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. கிட்டாரின் அடித்தந்தி 82.4 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ப்பகுதி பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் உரியது. 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டிவிடத் தயங்க வேண்டியதில்லை: அடிப்படை அதிர்வெண் மெலிந்தாலும், மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டே மூளை சுருதியை உணர்ந்துகொள்கிறது. மேலே 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் வெட்டினால் சிம்பல்களோடு போட்டி குறைகிறது. எஞ்சும் நடுப்பகுதிதான் கிட்டாரின் வீடு. தனியே கேட்கும்போது மூக்கால் பேசுவதுபோல் தோன்றும் அந்த நடுப்பகுதியைக் காப்பாற்றியவர்களின் கிட்டார் மட்டுமே அரங்கின் கடைசி வரிசை வரை தெளிவாகச் சென்று சேர்கிறது. ரிவெர்ப் எனும் செயற்கை எதிரொலியையும் இதே நோக்கில் பார்க்க வேண்டும். அரங்கம் தானே எதிரொலிக்கும்போது ப்ராசஸரின் எதிரொலி அதன்மேல் படிந்து சொற்களையும் சுரங்களையும் மூடுகிறது.

தனி வாசிப்புக்காகச் சத்தத்தை உயர்த்தும் பூஸ்ட் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். டிஸ்டார்ஷனுக்கு முன் வைத்தால் அது மேலும் டிஸ்டார்ஷனாகவே மாறும், சத்தம் அவ்வளவாக அதிகரிக்காது. ஆம்ப் மாடலுக்குப் பின் வைத்தால்தான் 3 முதல் 6 டெசிபல் உயர்வு உண்மையில் கேட்கும். ப்ரீசெட்களின் அளவைச் சமன் செய்யும்போது மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. டிஸ்டார்ஷன் இல்லாத சிக்னலின் உச்சம் உயர்ந்தும் சராசரி தாழ்ந்தும் இருக்கும். டிஸ்டார்ட் ஆனதில் இரண்டும் நெருங்கியிருக்கும். உச்சத்தைக் காட்டும் மீட்டர் இரண்டையும் சமம் என்றாலும், காதுக்குப் பின்னது பெரிதாகவே கேட்கும்.

தாமதத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஒரு மில்லிசெகண்ட் என்பது 34 சென்டிமீட்டர் தொலைவு. ப்ராசஸர் சேர்க்கும் சில மில்லிசெகண்டுகள், ஆம்ப்ளிஃபயரிலிருந்து சில அடி பின்னே நகர்ந்து நிற்பதற்குச் சமம். ஆனால் டிஜிட்டல் வயர்லெஸ், டிஜிட்டல் மிக்ஸர் என ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கும். மொத்தம் 10 மில்லிசெகண்டைத் தாண்டும்போது பலருக்கு விரல்களில் அது தெரியத் தொடங்குகிறது.

வெளியீட்டில் கவனிக்க வேண்டியவை எளியவை. மிக்ஸருக்குச் செல்லும் எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை இணைப்பு) வெளியீடு, சிறிய சிக்னலான மைக் அளவிலா, பெரிய சிக்னலான லைன் அளவிலா என்பதைச் சவுண்ட் இன்ஜினியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முனகல் கேட்டால், ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் விலக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். மின் இணைப்பின் எர்த்தை மட்டும் ஒருபோதும் துண்டிக்கக் கூடாது, அது உயிருக்கு ஆபத்து. அரங்குக்கு அரங்கு மாறும் எதிரொலிக்காக ப்ரீசெட்களைத் திருத்தாமல், வெளியீடு முழுவதற்கும் பொதுவான ஈக்வலைசரில் மாற்றம் செய்து, அடுத்த இடத்தில் அதைத் தட்டையாக்கிவிட வேண்டும். மாஸ்டர் வால்யூம் குமிழ் தன் மானிட்டருக்கான வெளியீட்டை மட்டும் கட்டுப்படுத்தும்படியும், மிக்ஸருக்கான எக்ஸ்எல்ஆர் அளவு நிலையாக இருக்கும்படியும் அமைத்துக்கொள்வதைப் பல ப்ராசஸர்கள் அனுமதிக்கின்றன; அதைச் செய்துவிட்டால், பாட்டின் நடுவே கலைஞர் தன் காதுக்காகச் சத்தத்தைக் கூட்டினாலும் இன்ஜினியர் சமன் செய்துவைத்த கலவை குலையாது.