எட்டடி உயரத்தில் ஒரு தலை

போன தை மாதம் தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றில் நண்பனின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்கு வந்திருந்தது. பட்டு வேட்டி, ஜரிகைத் தலைப்பாகை, கழுத்து நிறைய மாலை. அதற்கு முன் மாப்பிள்ளை கிட்டத்தில் பார்த்த குதிரை, அய்யனார் கோயில் மண்குதிரையாகத்தான் இருக்கும். ஊர்வலம் பிள்ளையார் கோயில் முக்கில் திரும்பும்போது யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். குதிரை ஓடவில்லை, முன்னங்காலைத் தூக்கவுமில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு தாவல், அவ்வளவுதான். மாப்பிள்ளை மறுபக்கமாகச் சரிந்தார். குதிரைக்காரர் பாய்ந்து இடுப்பைப் பிடித்ததால் தப்பித்தார். கீழே சிமெண்ட் ரோடு.

சாப்பாட்டுப் பந்தியில் நான் ஹெல்மெட் பேச்சை எடுத்ததும் பெரியப்பா ஒருவர் சிரித்தார். "நடக்குற குதிரைக்கு எதுக்குப்பா ஹெல்மெட்? பந்தயத்துலயா ஓட்டுறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதில் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. தலை எவ்வளவு பலமாகத் தரையில் மோதும் என்பதைக் குதிரையின் வேகத்தைவிட அதன் உயரமே முதலில் தீர்மானிக்கிறது. ஐந்தடிக் குதிரையில் உட்கார்ந்தால் நம் தலை தரையிலிருந்து ஏறக்குறைய எட்டடி மேலே, அதாவது 2.4 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து விழும் தலை தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போனாலும், அசையாமல் நின்றாலும், மேலிருந்து கீழே வரும் வேகம் இதேதான். பாய்ச்சலின் வேகம் வேறொரு விதத்தில் படுத்தும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளையார்பட்டிக்குப் போனவர்களுக்குச் சிதறுகாய் தெரியும். கல்லில் அடித்த தேங்காய் சுக்குநூறாகிறது. அதே தேங்காயை அதே வேகத்தில் ஆற்றுமணலில் அடித்துப் பாருங்கள், பொத்தென்று புதைந்து முழுசாகக் கிடக்கும். தேங்காயும் அதேதான், வேகமும் அதேதான். மாறியது, நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டுமே. கல்லில் அது மயிரிழை தூரத்தில் நின்றாக வேண்டும். மணலில் சில அங்குலம் கிடைக்கிறது.

இதைக் கணக்காகவே போடலாம். விழுந்த உயரத்தை நிற்க எடுத்த தூரத்தால் வகுத்தால், புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசையைத் தலை தாங்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். வெறும் தலை சிமெண்டில் மோதினால் அமுங்கிக் கொடுக்க இருப்பது உச்சந்தலைத் தோல்தான். 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 2.4 மீட்டரை வகுத்தால் 480 மடங்கு. ஹெல்மெட் அந்தத் தூரத்தை 2 சென்டிமீட்டர் ஆக்கினால் 120 மடங்கு. இது சராசரிதான், உச்சம் இன்னும் கூடும். ஆனாலும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைத்ததில் அடி நாலில் ஒரு பங்காகிவிட்டது பாருங்கள்.

அந்த ஒன்றரை சென்டிமீட்டரைத் தருவது வெளியே பளபளக்கும் ஓடு அல்ல. ஓடு அடியைப் பரப்பிவிடும், கூர்மையானது உள்ளே குத்தாமல் பார்த்துக்கொள்ளும். உண்மையான வேலைக்காரன் உள்ளே இருக்கும் தெர்மோகோல். டிவி பெட்டியில் வருகிற அதே பொருள்தான், ஆனால் நல்ல அடர்த்தியாகச் செய்தது. அதன் நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொன்றாக நசுங்கி அடியின் ஆற்றலை வாங்கிக்கொள்கின்றன. ரப்பர் பந்துபோல எம்பித் திருப்பியடிப்பதில்லை.

இனி பாய்ச்சலின் கதை. ஓடும் குதிரையிலிருந்து விழுபவர் நேராக விழுவதில்லை. தரையைத் தொட்டபின் தலை முன்னோக்கி இழுபட்டுச் சடாரென்று திரும்புகிறது. மூளை கட்டித்தயிர் மாதிரி மெத்தென்ற பொருள், அதுவும் திரவத்தில் மிதக்கிறது. மண்டை திரும்பிவிடும், மூளை உடனே திரும்பாது. தயிர்ப்பானையைப் படக்கென்று திருகினால் உள்ளே கட்டி விண்டுபோகுமே, அதுபோல நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. மண்டையோட்டில் கீறல்கூட இல்லாமல் ஆள் நினைவிழந்து கிடப்பது இப்படித்தான். ஸ்வீடனின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஸ்டாக்ஹோம் பொறியியலாளர்களும் சேர்ந்து இதற்காக ஹெல்மெட்டுக்குள் வழுக்கும் படலம் ஒன்றை வைத்தார்கள். அடிபடும்போது ஹெல்மெட் தலைமேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நழுவி, திருகலில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிப்ஸ் என்ற பெயரில் இன்று சைக்கிள் ஹெல்மெட்டுகளில் பரவலாக வரும் இந்த நுட்பம், 2007இல் முதன்முதலாக வந்தது குதிரையேற்ற ஹெல்மெட்டில்தான்.

பைக் ஹெல்மெட் போதாதா? ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் கனம் அதிகம், காது மறையும், காரைக்குடி வெயிலில் பத்து நிமிஷம் தாங்காது. குதிரைக்கானதைச் சோதிக்கும்போது சமதளத்தில் மட்டுமல்லாமல், லாடத்தின் ஓரம்போன்ற விளிம்பிலும் போட்டுப் பார்ப்பார்கள். சில தரங்களில் இருபக்கமும் வைத்து நசுக்கியும் பார்ப்பார்கள். ஏனென்றால் விழுந்தவர்மேல் 400 கிலோ குதிரையே விழலாம்.

பழகியவர்களுக்குத் தேவையில்லை என்பார்கள். கோர்ட்னி கிங்-டை 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகச் சவாரி செய்தவர். 2010 மார்ச்சில் பயிற்சியின்போது குதிரை தன் காலே தட்டி விழுந்தது. அன்று அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. மண்டையோடு உடைந்து நாலு வாரம் கோமா, பிறகு நடக்கவும் பேசவும் புதிதாகக் கற்றுக்கொண்டார். குதிரையை நடனம்போல நடத்தும் அவருடைய பிரிவில் உயரத் தொப்பிதான் அந்தஸ்தாக இருந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அங்கே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 2021 வரை ஆனது. அந்தஸ்து என்று வந்துவிட்டால் நம் தலைப்பாகையும் அவர்கள் தொப்பியும் ஒன்றுதான்.

ஹெல்மெட்டால் ஆகாததும் உண்டு. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தபோது ஹெல்மெட் போட்டிருந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. கழுத்தைக் காப்பது இதன் வேலை அல்ல. மூளை மட்டும் தப்பினால் என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். மீதியிருந்த ஒன்பது வருஷமும் பேசி, எழுதி, படம் இயக்கியவர் அவர்.

பந்தி முடிந்து வெளியே வந்தால் குதிரைக்காரர் லோடு வேனில் குதிரையை ஏற்றிக்கொண்டிருந்தார். தலையில் பழைய பைக் ஹெல்மெட்!

"ஏத்தும்போதுதான் உதைக்கும் சார். ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கினேன் ஒண்ணு" என்று கழற்றிக் காட்டினார். பின்பக்கம் ஓட்டில் பிறைபோலக் கீறல். உள்துணியை விலக்கினால் அதே இடத்தில் தெர்மோகோல் கட்டைவிரல் பதியும் அளவுக்கு அமுங்கிக் கிடந்தது.

அந்தக் குழி திரும்ப எழும்பாது. அங்கே நசுங்க இனி காற்றறை இல்லை. அடுத்த உதை அதே இடத்தில் விழுந்தால், மணலில் அடித்த தேங்காய் கல்லில் அடித்தது ஆகிவிடும். ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னேன்.

அவர் விரலால் குழியைத் தடவிப் பார்த்தார். "அப்ப இது ரெண்டு வருஷமா சும்மாதான் தலைல இருக்கா?" என்றார்.