எடை போடும் முன் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

வியாசர்பாடியில் எனக்குப் பழக்கமான காயலான் கடை ஒன்று உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை அங்கே போனபோது, கடைப் பையன் தட்டையான இரும்புப் பெட்டி ஒன்றின் மூடியை உளி வைத்து நெம்பிக்கொண்டிருந்தான்.

"என்னது தம்பி?"

"சர்வர் டப்பா சார். உள்ள அலுமினியம் நல்லா கெடைக்கும்."

கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் துளைகள் இருந்தன. ஒரு கார்டில் மானிட்டர் சொருகும் இடம், அதை ஒட்டி முப்பரிமாணக் கண்ணாடிக்கான சின்ன வட்டத் துளை. ரேக்கில், அதாவது பெட்டிகளை அடுக்கிப் பூட்டும் இரும்புச் சட்டத்தில், கிடந்து கோப்பு பரிமாறும் சர்வருக்கு ஹெட்போன் எதற்கு? அது எச்பி ஜே6000. 2000-ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஒர்க்ஸ்டேஷன், அதாவது ஒருவர் உட்கார்ந்து கனமான வேலை பார்க்கும் கம்ப்யூட்டர். 552 மெகாஹெர்ட்ஸ் பிஏ-8600 பிராசசர் இரண்டு வரை போடலாம். படுக்க வைத்தால் ரேக்கில் 2யு உயரம் (யு என்பது ரேக் உயரத்தின் அளவு). நிமிர்த்தினால் மேசைக்கடியில் நிற்கும். அதனுடன் வந்த இன்னொன்றைக் காலையிலேயே உடைத்து, போர்டுகளைச் சாக்கில் கட்டியிருந்தார்கள். அந்தச் சாக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஆலைகளின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். மணலி, எண்ணூர், துறைமுகம் என்று இருபது வருடங்களுக்கு மேல் சுற்றியிருக்கிறேன். சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம் என எல்லாவற்றுக்கும் ஒரு கன்ட்ரோல் ரூம் உண்டு. அதில் தூசியும் அதிர்வும் தாங்குவதற்காகக் கம்ப்யூட்டரை ரேக்கில் பூட்டியிருப்பார்கள். புது சிஸ்டம் வந்ததும் பழையது மொத்தமாக ஏலத்துக்குப் போய், கடைசியில் நம் பக்கத்துக் கடைகளில் கிலோ கணக்கில் இறங்கும். வடசென்னையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டிகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ஆனால் ரேக்கில் வருவதெல்லாம் 'சர்வர்' என்ற ஒரே பெயரில் உடைபடுகிறது. அதைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

கையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்கில் திருகுவதற்காக இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் காதுகளையும் சேர்த்து முன்தகடு 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர் இருந்தால் அது ரேக் பெட்டி. உயரத்தை 44.45 மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை யு என்று தெரிந்துவிடும். காதே இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில், பெட்டியை ரேக்கில் தாங்கும் ரெயில் பூட்டிய திருகுத் துளைகள் வரிசையாக இருக்கும்.

அப்புறம் பின்பக்கம். சீரியல் போர்ட்டும் நெட்வொர்க் போர்ட்டும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சர்வர். கீபோர்டு, ஆடியோ, தனி கிராபிக்ஸ் கார்டு மூன்றும் சேர்ந்து இருந்தால் உட்கார்ந்து வேலை பார்க்கச் செய்த இயந்திரம். ஒரே சொருகியில் மூன்று தடித்த வட்டங்களும் பத்து மெல்லிய பின்களும் தெரிந்தால் அது 13டபிள்யூ3 என்ற மானிட்டர் சொருகி. சன், சிலிக்கான் கிராபிக்ஸ் கம்பெனிகளின் பெட்டிகளில் நிறையப் பார்க்கலாம். பார்க்க ஒன்று போலிருந்தாலும் இரண்டு கம்பெனிக்கும் உள் வயரிங் வேறு. ஒன்றின் அடாப்டரை மற்றதில் போட்டுப் படம் வரவில்லை என்று நல்ல இயந்திரத்தைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. சன் என்டர்பிரைஸ் 220ஆர், 420ஆர் இரண்டும் சர்வர் என்றே விற்கப்பட்டவை. ஆனால் முதலாவது அல்ட்ரா 60 ஒர்க்ஸ்டேஷனிலிருந்தும், இரண்டாவது அல்ட்ரா 80-லிருந்தும் பிறந்தவை. நம் ஆலைகளில் அதிகம் கிடைப்பது அட்வான்டெக் ஐபிசி-610 போன்ற 4யு பெட்டி. பெரும்பாலும் மதர்போர்டு என்று தனியாக எதுவும் இருக்காது. பிராசசரே ஒரு கார்டாக, பேக்பிளேன் என்ற ஸ்லாட் பலகையில் நிற்கும். இதை யாரும் சீந்துவதில்லை. ஆனால் ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட் கேட்கும் கார்டு ஏதாவது உங்களிடம் இருந்தால், இதுபோல ஒன்று கிடைப்பது பெரிய விஷயம்.

முன்தகடு போய்விட்டதா? எண்களைப் படியுங்கள். நெட்வொர்க் முகவரி ஸ்டிக்கர் 08:00:20 என்று தொடங்கினால் சன்; 08:00:69 சிலிக்கான் கிராபிக்ஸ்; 08:00:09 எச்பி; 08:00:2பி என்றால் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்). பழைய எச்பி சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தோடு 1960-ஐக் கூட்டினால் வருடம், அடுத்த இரண்டு வாரம். 3329ஏ என்றால் 1993, 29-ஆவது வாரம், அமெரிக்கத் தயாரிப்பு. சிப்புகளின் மேல் 9437 என்று கண்டால் 1994-இன் 37-ஆவது வாரம். ஒரு சிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் பத்துப் பதினைந்தைப் பாருங்கள். நடுவில் யாராவது ஒன்றிரண்டை மாற்றியிருக்கலாம். டெக் போர்டுகளின் கைப்பிடியிலேயே எண் அச்சாகியிருக்கும். எம்8192 என்றால் பிடிபி-11/73 கம்ப்யூட்டரின் பிராசசர், எம்7606 என்றால் மைக்ரோவாக்ஸ் 2 கம்ப்யூட்டருடையது. விளிம்பில் இருக்கும் தங்கப் பூச்சுக்காக இவற்றைக் கத்தரித்துத் தள்ளுகிறார்கள். மனசு வலிக்கிறது.

சரி, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தயவுசெய்து உடனே பிளக்கில் சொருகாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் 115, 230 என்று மாற்றும் சுவிட்ச் இருக்கலாம். அது 115-இல் இருக்கும்போது நம் கரண்ட் பாய்ந்தால் பவர் சப்ளை அங்கேயே வெடிக்கும். சுவிட்ச் சரியாக இருந்தாலும் முதலில் மூடியைத் திறந்து, கரண்ட் நுழையும் இடத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற பெட்டி மாதிரி கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே காகிதம் சுற்றியது அது. வயதானால் மேலோட்டில் மயிரிழை விரிசல்கள் விழும், ஈரம் இறங்கும். காசிமேடு, திருவொற்றியூர் கடல் காற்றில் சும்மா வைத்திருந்தாலே போதும். கரண்ட் கொடுத்த சில நிமிடங்களில் அறை முழுக்கப் புகை. விரிசல் தெரிந்தால் மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட் வரை தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கலாம். மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரலை வைக்காதீர்கள். டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரீஸ் பல்பு, அதாவது கரண்ட் வரும் வழியில் தொடராகச் சேர்க்கும் பல்பு, நல்ல கருவிதான், ஆனால் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க மட்டும். பல்பு விடாமல் பிரகாசமாக எரிந்தால் நிறுத்துங்கள். அதே பல்பு வழியாக முழு இயந்திரத்தையும் ஓட்டப் பார்க்கக் கூடாது. வோல்டேஜ் குறைந்து சப்ளை தடுமாறும்.

பேட்டரியையும் கவனியுங்கள். இன்டஸ்ட்ரியல் பெட்டிகளின் பிராசசர் கார்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால், அன்றைக்கே வெட்டி எடுங்கள். கசிந்த இடம் பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். சன் பெட்டியில் பேட்டரி சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அது செத்தால் திரையில் நெட்வொர்க் முகவரி முழுக்க எஃப் எஃப் என்று வரும். பயப்பட வேண்டாம், சிப்பை மாற்றி முகவரியை மறுபடி எழுதிக்கொள்ளலாம். அதற்காகவே ஸ்டிக்கரைப் பத்திரமாக வையுங்கள்.

டிஸ்க் விஷயத்தில் நான் கண்டிப்பு. ஒருமுறை எனக்கு வந்த டிஸ்க்கில் ஓர் அலுவலகத்தின் ஊழியர் சம்பளப் பட்டியல் அப்படியே இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு முழு நகல் எடுத்துக்கொள்வேன்; அடுத்தவர் கோப்புகளை அழித்துவிடுவேன். விற்பவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே அதைச் செய்திருக்க வேண்டும்.

கடைக்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். தங்கத்துக்காக வீட்டுக் கொல்லையில் ஆசிட் காய்ச்சுவதையும், செம்புக்காக வயரைக் கொளுத்துவதையும் கொடுங்கையூர்ப் பக்கம் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் புகை முதலில் போவது கொளுத்துகிற பையனின் நெஞ்சுக்குள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, காப்பாற்ற முடியாததெல்லாம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். முழுசாகக் கொடுக்கும் பெட்டிக்கு உடைத்த விலையைவிட அதிகம் தர, பழைய கம்ப்யூட்டர்களைக் காப்பாற்ற நினைக்கும் என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

வாங்குகிறவர்கள் மறந்துவிடுவது ரெயிலைத்தான். பெட்டி தனியாக, ரெயில் இரும்பு எடையில் தனியாகப் போய்விடும். பிறகு தேடினாலும் பொருத்தமான ஜோடி லேசில் கிடைக்காது. என் ஜே6000-இன் ரெயில் அதே கடையில் ஜன்னல் கம்பிகளுக்கு அடியில் கிடந்தது. அரை மணி நேரம் குவியலைக் கிளறி, அந்தப் பையன்தான் இரண்டையும் எடுத்துக் கொடுத்தான்.