எருவைப் பதப்படுத்தலாமா?

மன்னார்குடிப் பக்கம் நடந்த ஒரு பால்மாட்டுப் பயிற்சியில் கையேடு ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் 'உரம் பதப்படுத்துதல் வழியாக நைட்ரஜன் உமிழ்வைக் குறைத்தல்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டு மாடு வைத்திருப்பவர். அட்டையை எட்டப் பிடித்துப் படித்துவிட்டு, "உரத்தை எதற்குத் தம்பி பதப்படுத்த வேண்டும், ஊறுகாயா போடப் போகிறார்கள்?" என்று கேட்டார். இந்தத் தொடரை நான் பார்ப்பது ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ. அவர் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் உரம் என்ற சொல். சாண எருவுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'மெனூர்' (manure) என்ற சொல்லின் வேர் சாணி அல்ல, கை. கையால் வேலை செய்வதைக் குறித்த லத்தீன் தொடர் பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் நிலத்தைப் பண்படுத்துவதைக் குறித்தது. பிறகு நிலத்தில் இடும் சாணத்துக்கே பெயராகிவிட்டது. நமக்கு அவ்வளவு சுற்று இல்லை. 'ஏரினும் நன்றால் எருவிடுதல்' என்று வள்ளுவர் உழவு அதிகாரத்தில் சொன்ன எரு அப்படியே இருக்கிறது. உரம் என்பதற்கு முதற்பொருள் வலிமை. இன்று டெல்டாவில் உரம் என்றால் யூரியா மூட்டை, டிஏபி மூட்டை. கூட்டுறவுச் சங்க வாசலில் நின்று "உரம் வந்துவிட்டதா?" என்று கேட்பவர் சாணியைக் கேட்பதில்லை. ஊர்ப் பேச்சில் குப்பை என்போம். கோடையில் வயலுக்குக் குப்பை அடிப்போம். நகரத்துக்காரருக்கு அது பிளாஸ்டிக் பையை நினைவூட்டும் என்பதால், எழுத்தில் எரு என்பதே தெளிவு.

இப்போது பதப்படுத்துதல். மொழிபெயர்ப்பு வேலை செய்யும் நண்பர் ஒருவர் இதற்காக என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். பதம் என்றால் தக்க நிலை, அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதானே பதப்படுத்துதல், நிலத்தைப் பதப்படுத்துகிறோமே என்றார். அகராதிப்படி அவர் சொல்வது சரி. ஆனால் அகராதி மாட்டுக்கொட்டகைக்கு வருவதில்லை. பால், மீன், இறைச்சி, தோல் என்று நாம் எதைப் பதப்படுத்தினாலும் கெடாமல், அழுகாமல் இருப்பதற்காகத்தான் செய்கிறோம். எரு அழுகத்தான் வேண்டும், மக்கத்தான் வேண்டும். மக்காத எருவை வயலில் கொட்டினால் களையும் புழுவும்தான் மிச்சம். வேலைக்கு நேர் எதிரான படத்தை மனத்தில் எழுப்பும் சொல்லை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்துவது என்ன நியாயம்?

இன்னொரு கூட்டம் 'கால்நடைக் கழிவு மேலாண்மை' என்று எழுதுகிறது. இது எனக்கு இன்னும் எரிச்சல். கழிவு என்று பெயர் வைத்ததை வைத்துக் காப்பாற்ற யாருக்குத் தோன்றும்? கொட்டகையைக் கழுவிய தண்ணீர் நேரே வாய்க்காலில் விழுகிறது; அந்த இடத்தில் மட்டும் ஆகாயத்தாமரை கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கிறது. அறுவடை முடிந்த வயலில் எருவுக்காகக் காசு கொடுத்து ஆட்டுக்கிடை போடும், அதாவது இரவில் ஆடுகளை அடைத்து வைக்கும் ஊர் இது. நாம் விலை கொடுத்து வாங்கும் பொருளுக்குக் கழிவு என்று பெயர்.

என் பரிந்துரை: எருப் பக்குவம். பக்குவம் வடசொல் என்று ஒருவர் கட்டாயம் வருவார், வரட்டும். எருவாக்கம் என்று சொல்லலாம்தான். ஆனால் அது மக்க வைப்பதோடு நின்றுவிடும். திடத்தையும் நீரையும் பிரிப்பது, டென்மார்க்கில் செய்வதுபோல் சாணிக் கரைசலில் கந்தக அமிலம் சேர்ப்பது, தொட்டியை மூடி வைப்பது எல்லாம் பக்குவத்தில் அடங்கும். சாண எரிவாயுக் கலனும் அடங்கும். ஆனால் அதிலிருந்து வெளிவரும் கரைசலைத் திறந்து போட்டால் எருவின் நைட்ரஜனைக் கொண்டுபோகும் அமோனியா வாயு முன்பைவிட அதிகமாகப் போய்விடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நைட்ரஜன் உமிழ்வு என்பது பாதிப் பொய். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதனால் யாருக்கும் கேடில்லை. நெதர்லாந்தில் 2019-இல் நைட்ரஜன் மாசு பற்றி நீதிமன்றத் தீர்ப்பு வந்து, உழவர்கள் டிராக்டரோடு தி ஹேக் நகருக்குப் போன சண்டையில், மாட்டுப் பண்ணைகள் மீதான குற்றச்சாட்டு அமோனியாவைப் பற்றியது. மாட்டு மூத்திரத்தில் யூரியா இருக்கிறது, சாணியில் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. இரண்டும் கலந்தால் அமோனியா கிளம்பும். மூடிய கொட்டகையை விடியற்காலையில் திறந்தால் கண்ணில் நீர் வருகிறதே, அதுதான். வேடிக்கை என்னவென்றால், நுண்ணுயிர்களைக் கொண்டு அந்த அமோனியாவைப் படிப்படியாக நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விடுவதும் ஒரு சுத்திகரிப்பு முறை. கையேட்டின் தலைப்பை நம்பினால் அந்தத் தீர்வே குற்றமாகிவிடும்.

உமிழ்வதற்கு வாய் வேண்டும். புகைபோக்கிக்குப் பொருந்தும், சாணிக்குப் பொருந்தாது. அமோனியா இழப்பு என்று எழுதினால் போதும். தழைச்சத்து (பயிருக்கு வேண்டிய நைட்ரஜன்) இழப்பு என்றால் காசு போகிறது என்பதும் உழவருக்கு உடனே விளங்கும்.

அட்டையில் அடித்து எழுதிப் பெரியவரிடம் காட்டினேன்: 'எருப் பக்குவம்: தழைச்சத்து வீணாகாமல் காப்பது எப்படி?' படித்துவிட்டு, உள்ளே சாணியையும் மூத்திரத்தையும் தனித்தனியே பிரிக்கும் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கள் அப்பா கொட்டகைத் தரையைச் சரிவாகப் போட்டுக் கோமியக் குழி வெட்டி வைத்திருந்தார். சிமெண்ட் போட்டபோது நான்தான் மூடினேன்" என்றார்.